பேகன் திருவிழாவுக்கு நாலு கிடாரம் பருப்பு

சம்பளமில்லாத வேலையில் ஒரு வசதி, யாரும் உங்களை வேலையை விட்டு நிற்பாட்ட முடியாது. ஒரு வில்லங்கம், நீங்களாகவும் நிற்க முடியாது. தமிழ்ப் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஆட்கள் இருக்கக் கதிரை அடுக்கியவர்கள், கோயில் பந்தியில் பரிமாறி முழங்கால் தேய்ந்தவர்கள், "ஒரு சின்ன உதவி" என்று யாரோ கேட்டதை நம்பி ஏழெட்டு வருடத்தைத் தொலைத்தவர்கள் எல்லோரும் கொஞ்சம் கிட்ட வந்து இருங்கள். என் கதையும் அதுதான். மாட்டிக்கொண்ட இடம் மட்டும் கொஞ்சம் வித்தியாசம்.

என் பெயர் புவனா. ஊர் யாழ்ப்பாணம், இருப்பு ஜேர்மனியில் எசன் நகரம், சம்பளம் வருவது ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையிலிருந்து. சம்பளம் வராத வேலை வருடத்தில் ஒரு நாள், ஆனி மாதத்தில் பகல் மிக நீண்ட நாளை ஒட்டி வரும் சனிக்கிழமை. அன்றைக்கு ஒரு புல்வெளியில் பேகன்கள் கூடுவார்கள். பேகன்கள் என்றால் கிறிஸ்தவம் வருவதற்கு முன்னால் இந்த நாட்டில் இருந்த தெய்வங்களையும், மரத்தையும், சூரியனையும் கும்பிடுகிற ஜேர்மன்காரர்கள். அவர்களுக்கு நான்தான் சமையல்.

நண்பர்களின் சின்னக் கொண்டாட்டம்

ஹைக்கே என்னோடு வேலை செய்பவள். இல்லத்தில் பாத்திரம் கழுவும் இயந்திரம் அவள் பொறுப்பு. நான் மத்தியானத்துக்குக் கொண்டுபோகும் பருப்பில் பாதியை எப்போதும் அவள்தான் சாப்பிடுவாள். ஒருநாள் அவள் கேட்டாள், சனிக்கிழமை நாற்பது பேருக்கு அந்தப் பருப்பைச் சமைத்துத் தருவாயா, நண்பர்களோடு வெளியில் ஒரு சின்னக் கொண்டாட்டம் என்று. பிறந்தநாளாக்கும் என்று நினைத்துத் தலையாட்டினேன்.

இவர், என் வீட்டுக்காரர், காரை ஓட்ட, பானைகளைப் பின்சீட்டில் கட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். கேக்கும் இல்லை, பலூனும் இல்லை. காட்டோரமாக ஒரு புல்வெளி. தலையில் இலைமாலை வைத்த நாற்பது பேர் ஒரு நெருப்பைச் சுற்றி நின்றார்கள். ஹைக்கே நாலு திசைக்கும் திரும்பித் திரும்பிக் கை உயர்த்தி ஏதோ கூப்பிட்டாள். பிறகு ஒரு கொம்பில் இருந்த தேன்மதுவை நிலத்தில் ஊற்றினாள். எல்லோரும் நெருப்பை மூன்று முறை சுற்றினார்கள். எனக்குப் பயம் வரவேண்டிய இடம் அது, ஆனால் வரவில்லை. ஐயர் மட்டும் இல்லாத ஓமம் மாதிரித்தான் இருந்தது. இவர் காரை விட்டு இறங்கவேயில்லை. கண்ணாடியைப் பாதி இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"நெருப்பு மூட்டியிருக்கினம், சுத்தி வருகினம், பிறகு சாப்பாடு குடுக்கப் போகினம். இதுக்கு இவ்வளவு தூரம் பெற்றோல் எரிச்சு வரவேணுமே? எங்கட கோயில் வீட்டுக்குப் பக்கத்திலதானே இருக்கு."

நாற்பது என்றால் எத்தனை

இப்போது என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். நாற்பது பேர் என்று ஹைக்கே சொன்னாள் அல்லவா, நான் நூறு பேருக்குச் சமைத்துவிட்டேன். நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள். எங்கள் ஆட்கள் நாற்பது என்றால் அறுபது வரும். அறுபதுக்குச் சமைத்தால் மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு எண்பது வரும். யாராவது வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போகக் கேட்பார்கள். நூறுதான் நியாயமான கணக்கு. அந்தப் பாழாய்ப்போன ஜேர்மன்காரர் நாற்பது பேர் என்றால் நாற்பது பேரே வந்தார்கள். அதிலும் இருவர் தங்கள் சாப்பாட்டைப் பெட்டியில் கொண்டுவந்திருந்தார்கள்.

இரண்டு பெரிய பானை பருப்பு மிஞ்சிவிட்டது. சாப்பாட்டைக் கொட்டுவதற்கு என் கை வராது. புல்வெளியின் ஓரமாக நடந்து போகிறவர்கள், சைக்கிளில் போகிறவர்கள், பக்கத்துத் தோட்டத்தில் புல் வெட்டியவர்கள் என்று கண்ணில் பட்ட எல்லோரையும் மறித்து மறித்துக் கொடுத்தேன். அடுத்த வருடம் அதே புல்வெளியில் நூற்றிருபது பேர் நின்றார்கள். விழா வளர்ந்ததற்குச் சூரிய தேவதைதான் காரணம் என்று அங்கே பலர் நம்புகிறார்கள். எனக்கு உண்மை தெரியும். முதல் வருடம் நான் மறித்துப் பிடித்த, நாயோடு நடந்துபோன ஒரு மனிதர் இரண்டாவது கோப்பையையும் வழித்துத் தின்றுவிட்டு என்னிடம் சொன்னது இது:

"எனக்குக் கடவுள் நம்பிக்கை எல்லாம் கிடையாது. அடுத்த வருடம் இது எத்தனையாம் திகதி?"

முன்னோர் வழக்கம்

இரண்டாவது வருடம் நான் சமையலை முடித்துவிட்டு வட்டத்துக்குள் போனேன். நெருப்புக்குக் கிட்டப் போகும்போது கால் தானாகவே செருப்பைக் கழற்றிவிட்டது. பழக்கதோசம். எனக்குப் பின்னால் வந்த பெண் என் செருப்பைப் பார்த்தாள், தன் சப்பாத்தைக் கழற்றி அதற்குப் பக்கத்தில் வைத்தாள். அவளுக்குப் பின்னால் வந்தவரும் அப்படியே. கொஞ்ச நேரத்தில் வட்டத்துக்கு வெளியே நூற்றிருபது சோடி. சேறு பிடித்த பூட்ஸ் எல்லாம் வரிசையாக, ஜேர்மன்காரர் அடுக்கினால் எப்படி இருக்கும், அப்படி.

அதற்கு அடுத்த வருடம் அச்சடித்த நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி இருந்தது: "நம் முன்னோர் வழக்கப்படி வெறுங்காலுடன் வட்டத்துக்குள் வரவும்." முன்னோர்களுக்குப் பொறுப்பு ஊவே. வார நாட்களில் கட்டடங்களுக்குக் கண்ணாடி பொருத்துகிறவர், நெஞ்சுவரை தாடி, நல்ல மனிதர். புதிதாக வந்தவர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, பழைய ஜேர்மானியர் பூமித்தாயின் மேல் சப்பாத்தோடு நடக்கமாட்டார்கள் என்று விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் கரட் சுரண்டிக்கொண்டு முழுவதையும் கேட்டேன். சிரிப்பை அடக்க உதட்டைக் கடிக்கவேண்டி இருந்தது. விளக்கம் முடிந்ததும் என் பக்கம் திரும்பி மிகுந்த மரியாதையோடு சொன்னார்:

"உங்கள் நாட்டிலும் கிட்டத்தட்ட இதே போல ஒரு வழக்கம் இருக்கிறதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன்."

மூன்றரை மணி நேரம்

ஆட்கள் கூடக்கூடக் கூட்டங்களும் கூடின. விழாவுக்குத் தலைவர் கிடையாது, சபை கிடையாது. மாதத்துக்கு ஒரு முறை ஹைக்கே வீட்டில் எல்லோரும் வட்டமாக இருந்து, எல்லோரும் ஒத்துக்கொள்ளும்வரை பேசவேண்டும். ஒரு கூட்டத்தில் தேன்மது பற்றி மூன்றரை மணி நேரம் போனது. தேன் தேனீக்களின் உழைப்பு, அதை நாம் எடுக்கக்கூடாது என்று ஒரு பக்கம். தெய்வங்களுக்கு அப்பிள் சாறு ஊற்றினால் அவை என்ன நினைக்கும் என்று மறுபக்கம். கடைசியில் தெய்வங்களுக்குத் தேன்மது, மனிதர்களுக்கு இரண்டும் என்று முடிவானது. ஒருவர்கூடக் குரலை உயர்த்தவில்லை. ஒவ்வொருவரும் பேசிமுடித்ததும் "நன்றி, நான் பேசிவிட்டேன்" என்று வேறு சொன்னார்கள்.

அதே கூட்டத்தில், போகிறபோக்கில், சமையலறைக்கு இனிப் புவனா தலைமை, அங்கே அவள் சொல்வதுதான் முடிவு என்று ஹைக்கே சொன்னாள். எல்லாக் கையும் உயர்ந்தது. அது ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. நான் குனிந்து கையிலிருந்த தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு வருடமாக இல்லத்துச் சமையலறையில் என்ன சமைப்பது என்று சுவரில் ஒட்டிய தாள்தான் எனக்குச் சொல்லும். கோயில் மடைப்பள்ளியில் அகப்பை பிடிப்பது ஆண்கள், நாங்கள் பின்பக்கம் இருந்து மரக்கறி வெட்டுவோம். வீட்டில் என்ன சமைப்பது என்று முடிவெடுப்பது பிள்ளைகள். உள்ளே அவ்வளவு சந்தோசமாக இருந்தது, அதை யாரிடமும் சொல்ல வெட்கமாகவும் இருந்தது. வீட்டுக்கு வந்து இவரிடம் தேன்மதுக் கதையை மட்டும் சொன்னேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"மூண்டரை மணித்தியாலம் சண்டை பிடிச்சும் ஒருத்தரும் கோவிச்சுக்கொண்டு போய் வேற விழா தொடங்கேல்லையோ? அப்ப அது சண்டையே இல்லை."

கிடாரத்துக்கு ஒரு நிபந்தனை

ஐந்நூறு பேர் ஆனபோது என் வீட்டுப் பானைகள் கையை விரித்துவிட்டன. கிடாரம் வேண்டும், பந்திக்குச் சமைக்கிற பெரிய அண்டா. எங்கள் பக்கத்தில் கிடாரம் இருக்கிற இடம் ஒன்றுதான், கோயில். மடைப்பள்ளிப் பூட்டின் திறப்பு குணம் அண்ணையிடம். கோயிலின் தொண்டர்களுக்கெல்லாம் அவர்தான் தலைவர். தேர்த் திருவிழாவில் வடம் எப்போது அசையவேண்டும், தெருவில் யார் எங்கே நிற்கவேண்டும், பந்தி எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரும். நான் அவர் முன்னால் நின்று, பேகன்கள், நெருப்பு, சூரியன் என்று ஒரு மாதிரி இழுத்து விளக்கினேன். அவர் கேட்ட ஒரே கேள்வி, அங்கே இறைச்சி உண்டா. ஓரமாகச் சொசேஜ் வாட்டுவார்கள் என்று உண்மையைச் சொன்னேன்.

கோயில் கிடாரம் போகிற இடத்தில் அது கூடாது என்றார். இதைக் கூட்டத்தில் சொன்னேன். இன்னொரு மூன்றரை மணி நேரத்துக்கு என்னைத் தயார்ப்படுத்திக்கொண்டுதான் போனேன், ஆனால் அரை மணியில் முடிந்தது. சொசேஜ் அடுப்பு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நாடுகடத்தப்பட்டது. அதைச் சாப்பிட விரும்புகிறவர்கள் ஒரு பலகையில் நடந்து வாய்க்காலைக் கடந்து போகவேண்டும். போனார்கள், கொஞ்சம் வெட்கத்தோடு. நாலு கிடாரத்தையும் வான் வண்டியில் ஏற்றிவிட்டுக் குணம் அண்ணை பின்கதவைச் சாத்தியபடி சொன்னார்:

"கழுவிக் காயவைச்சுக் கொண்டுவாரும் பிள்ளை. ஆரும் கேட்டா, ஜேர்மன்காரருக்கு அன்னதானம் எண்டு சொல்லும். மிச்சத்தைச் சொல்லாதையும்."

விருந்தாளி

போன வருடம் எழுநூறு பேர். இந்த வருடம் தை மாதத்திலேயே நகரசபையிலிருந்து கடிதம் வந்துவிட்டது. இவ்வளவு சனம் கூடுவதென்றால் பாதுகாப்புத் திட்டம் எழுதிக் கொடுக்கவேண்டும். பயிற்சி எடுத்து, அதற்குச் சான்றிதழும் வைத்திருக்கிற ஓர்ட்னர்கள் நாற்பத்தைந்து பேர் நிற்கவேண்டும். ஓர்ட்னர் என்றால் மஞ்சள் அங்கி போட்டுக்கொண்டு கூட்டத்தை ஒழுங்குபடுத்துகிற ஆட்கள். எங்களிடம் இருந்தது பன்னிரண்டு பேர், அதிலும் பயிற்சி எடுத்தவர்கள் இருவர். ஹைக்கே கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு, இரண்டு வழிதான் இருக்கிறது என்றாள். விழாவை நிறுத்துவது, அல்லது விழா நடத்திக் கொடுக்கிற ஒரு நிறுவனத்திடம் விடுவது.

நிறுவனத்திலிருந்து ஒரு தம்பி புல்வெளியைப் பார்க்க வந்தார். மிகவும் மரியாதையானவர். சுற்றிவர வேலி, வாசலில் ரிக்கெற், நெருப்புக்குப் பதிலாக விளக்கு அலங்காரம், நான் அடுப்பு வைக்கிற இடத்தில் மூன்று சாப்பாட்டு வண்டிகள் என்று கைத்திரையில் படமாகவே காட்டினார். அப்போ சமையல் என்று நான் கேட்டேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு நல்லது செய்கிறேன் என்ற நினைப்பில் அவர் சொன்ன வசனத்தைக் கேட்டு நான் காருக்குள் போயிருந்து அழுதேன்:

"நீங்கள் இத்தனை வருடம் கஷ்டப்பட்டுவிட்டீர்கள். இனி ஒரு விருந்தாளியாக வந்து ரசிக்கலாம்."

நாற்பத்தைந்து பேர்

அழுது முடிந்ததும் மூளை வேலை செய்யத் தொடங்கியது. மஞ்சள் அங்கி, ஓர்ட்னர், சான்றிதழ். இதெல்லாம் எங்கேயோ பார்த்ததாக இருக்கிறதே என்று யோசித்தேன். எங்கள் தேர் வீதிக்கு வருவதற்கும் நகரசபை இதே கடிதத்தைத்தான் அனுப்பியிருந்தது. குணம் அண்ணை தன் ஆட்கள் எல்லோரையும் பயிற்சிக்கு அனுப்பிச் சான்றிதழ்களைக் கோப்பில் அடுக்கி வைத்திருந்தார். நேரே அவரிடம் போனேன். கிடாரம் கேட்பதுபோல இல்லை இது, ஆட்களைக் கேட்கப் போகிறேன். வேறு ஒரு சாமிக்கு.

அவர் கேள்விகளைத் தொடங்கினார். "பலி குடுக்கிறவையோ?" இல்லை அண்ணை, அரைவாசிப் பேர் பாலும் குடிக்காதவை என்றேன். "எங்கட ஆக்களை மதம் மாத்துவினமோ?" அவர்கள் இன்னும் தங்கள் மதத்தையே கண்டுபிடித்து முடிக்கவில்லை, எங்களை மாற்ற எங்கே நேரம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. "நாங்கள் போகாட்டி என்ன நடக்கும்?" என்று கேட்டார். அதற்கு மட்டும் என்னால் பகிடியாகப் பதில் சொல்ல முடியவில்லை. "எனக்கு அந்த அடுப்பு இல்லாமல் போயிடும் அண்ணை" என்றேன். அவர் அந்தக் கோப்பைத் திறந்து சான்றிதழ்களை ஒவ்வொன்றாக எண்ணினார். சரியாக நாற்பத்தைந்து வந்ததும் மூடி வைத்துவிட்டுக் கேட்டார்:

"உங்கட ஆக்கள் எங்கட தேருக்கு வந்து வடம் பிடிப்பினமோ? எங்களுக்கும் இப்ப ஆள் காணாது."

அகப்பை

ஹைக்கேயின் ஆட்கள் வடம் பிடிக்க ஒத்துக்கொண்டார்கள், நிறுவனத்துக்கு வேண்டாம் என்று எழுதினோம். விழாச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஐந்து வான்களில் குணம் அண்ணையும் ஆட்களும் வந்து இறங்கினார்கள். நகரசபை அதிகாரி சான்றிதழ்களையும் முகங்களையும் ஒத்துப் பார்த்தார், ஆட்களை எண்ணினார், கையெழுத்து வைத்தார். நாற்பத்தைந்தில் ஒன்று குறைந்தாலும் அனுமதி இல்லை, மத்தியானம் திரும்பவும் வந்து எண்ணுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் ஆட்கள் கயிறு பிடித்து "தள்ளி நில்லுங்கோ, தள்ளி நில்லுங்கோ" என்று தொடங்கினார்கள். ஜேர்மன்காரர் ஏற்கெனவே இரண்டு மீற்றர் தள்ளித்தான் நின்றார்கள். பதினொரு மணிக்குள் எங்கள் ஆட்களுக்கு அலுத்துவிட்டது. சிலர் மோர் கரைத்துப் பந்தல் போட்டார்கள். குணம் அண்ணைக்கு அதட்ட ஒருவரும் கிடைக்கவில்லை. நேரே என் கூடாரத்துக்குள் வந்தார்.

வந்தவர் கிடாரத்தை எட்டிப் பார்த்தார். ஒரு சொட்டைக் கையில் விட்டு ருசி பார்த்தார். என் கையிலிருந்த அகப்பையை வாங்கினார். "உப்புக் காணாது தங்கச்சி. நீர் போய் ஆறுதலா இரும், நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அந்த நிறுவனத்துத் தம்பியும் அன்பாகத்தான் சொன்னார். எனக்குப் பின்னால் ஊவேயும் இரண்டு பெண்களும் ஏப்ரனோடு நின்று, என்ன செய்வது என்று நான் சொல்லக் காத்திருந்தார்கள். குணம் அண்ணைக்குக் கோபம் வந்து ஆட்களையும் கூட்டிக்கொண்டு போனால் மத்தியானம் விழா இல்லை. வாயை மூடிக்கொண்டு ஒதுங்கினால் விழா இருக்கும், நான் இருக்கமாட்டேன். "அண்ணை, அகப்பையைத் தாங்கோ" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவதுபோலக் கேட்டது. "வாசலில நீங்கள் சொல்லுறதை நான் கேப்பன். இஞ்ச நான் சொல்லுறதைத்தான் எல்லாரும் கேக்கினம்."

அவர் என்னைப் பார்த்தார். ஊவேயைப் பார்த்தார். தமிழ் ஒரு சொல் தெரியாவிட்டாலும் ஊவே என் பக்கம் ஓர் அடி நெருங்கி நின்றார். குணம் அண்ணை அகப்பையைத் துணியால் துடைத்தார், என் கையில் தந்தார். பிறகு சேட்டுக் கையை மடித்துக்கொண்டு மரக்கறி வெட்டும் மேசைக்குப் போய்க் கத்தியை எடுத்தார். முப்பது வருடத்தில் நான் அவரிடம் கேட்டிராத குரலில் கேட்டார்:

"சரி தங்கச்சி. பூசணிக்காயைப் பெரிசா வெட்டவோ, சின்னனா வெட்டவோ?"

இப்போதெல்லாம் நீங்கள் எந்தப் பக்கத்துச் சாமியைக் கும்பிடுகிறவர் என்று யாராவது என்னிடம் கேட்டால், எத்தனை பேருக்குச் சமைக்கவேண்டும் என்று திருப்பிக் கேட்டுவிட்டு, அவர்கள் சொல்கிற எண்ணிக்கையை மனதுக்குள் இரண்டால் பெருக்கிக்கொள்கிறேன்.